வருஷத்துக்கு ஒரு பாகு

ரசம் வைக்கக் கற்றுக்கொள்ள ஒரு மாத காலம் போதும் என்பது என் அபிப்பிராயம். முதல் நாள் புளி தூக்கலாகவும், இரண்டாம் நாள் உப்புக் குறைவாகவும், மூன்றாம் நாள் கொதி மிஞ்சி மணம் அற்றுப்போனதாகவும் அமைந்தாலும், நான்காம் நாள் அதே அடுப்பும் அதே ஈயச் சொம்பும் அங்கேயே காத்திருக்கின்றன. நேற்றைய பிழை நாக்கை விட்டு நீங்குமுன் இன்றைய திருத்தம் நடந்துவிடுகிறது. அதிரசத்தின் கதை வேறு. எங்களுடையதைப் போன்ற குடும்பங்களில் அது வருஷத்துக்கு ஒருமுறை, தீபாவளியை ஒட்டி வரும் கேதார கௌரி நோன்புக்காக மாத்திரம் செய்யப்படுகிற பக்ஷணம். 20 வயதில் புகுந்த வீட்டுக்கு வந்து 65 வயது வரையில் அடுப்படியை ஆண்ட ஒரு பெண்மணி, தம் ஆயுளில் 45 தடவைக்கு மேல் அதிரசப் பாகு காய்ச்சியிருக்க முடியாது. அதிலும் மாமியார் கரண்டியை விட்டுக் கொடுக்காத வருஷங்களையும், வீட்டில் சாவு நேர்ந்து பண்டிகை இல்லாமற்போன வருஷங்களையும் கழித்தால், மிஞ்சுவது 25 தேறுமா என்பதே சந்தேகம். ரசத்தில் ஒரு மாதத்தில் கிட்டுகிற அப்பியாசம் அதிரசத்தில் ஒரு ஜன்மத்தில் கிட்டுகிறது. குடும்பத்துப் பலகாரம் ஒன்று அடுத்த தலைமுறையின் கைக்கு ஏன் போய்ச் சேருவதில்லை என்று வருந்துகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

நோன்பைப் பற்றி அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வட ஆற்காடு, செங்கற்பட்டுப் பக்கங்களில் சம்பந்தம் பேசும்போது, "உங்களுக்கு நோன்பு உண்டா?" என்று கேட்பார்கள். உண்டு என்றால் அது மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வருகிற ஒரு சொத்து. 21 இழையும் 21 முடிச்சுமாக ஒரு மஞ்சள் கயிறு, 21 வெற்றிலை, 21 பாக்கு, 21 வாழைப்பழம், இவற்றோடு 21 அதிரசம். மற்றவை எல்லாம் கடைத்தெருவில் எண்ணி வாங்கக் கூடியவை. அதிரசம் ஒன்றுதான் வீட்டில் பிறக்க வேண்டியது. ஆகவே நோன்பை ஏற்றுக்கொள்கிறவள் அதிரசத்தையும் ஏற்றுக்கொண்டே ஆகவேண்டும்.

இந்தப் பதார்த்தம் எங்களுக்கு மட்டும் உரியதென்று நாங்கள் பெருமை பேசிக்கொள்வதற்கு இடமில்லை. ஆந்திரத்தில் இது அரிசெலு, கன்னட நாட்டில் கஜ்ஜாயம், மராட்டியத்தில் அனரசா, ஒடிசாவில் அரிசா பிட்டா, யாழ்ப்பாணத்தில் அரியதரம். திருமலைக் கோயிலின் விஜயநகர காலத்துக் கல்வெட்டுகளில், பெருமாளுக்கு நிவேதனமாக 'அதிரசப்படி' ஏற்படுத்தப்பட்ட செய்தி, அதற்கு வேண்டிய பண்டங்களின் அளவுகளோடு பொறிக்கப்பட்டிருக்கிறது. கல்லில் வெட்டி வைத்த பாகசாஸ்திரமும் அளவுகளைச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. பாகு எந்த நிலையில் இறக்கப்பட வேண்டும் என்பதை அங்கே யாரும் வெட்டி வைக்கவில்லை. மடைப்பள்ளியில் இருந்தவர்களுக்கு அது தெரியும், தெரியாதவர்கள் கல்வெட்டைப் படித்துச் சமைக்கப் போவதில்லை.

என் தாயார் எழுதி வைத்த கோடு போட்ட நோட்டுப் புஸ்தகமும் அந்தக் கல்வெட்டின் வம்சத்தைச் சேர்ந்ததுதான். அதிரசத்துக்கு அதில் ஒரே வரி: 'பச்சரிசி படி 1, வெல்லம் பலம் 30, ஏலம் சுக்கு வேண்டியது, பாகு பதம் பார்த்து.' அவ்வளவே. இந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு என் மனைவி பட்ட சிரமம் கொஞ்சமன்று. பலம் என்பது 35 கிராம் என்றும், 40 பலம் கொண்டது ஒரு வீசை என்றும், அது 1.4 கிலோ என்றும் விசாரித்து அறிந்துவிடலாம். ஆனால் படி என்பது ஊருக்கு ஊர் வேறுபட்ட அளவு. பட்டணம் படி ஒன்று, எங்கள் ஊர்ச் சந்தையில் புழங்கிய படி ஒன்று, அம்மாவின் சமையலறையில் விளிம்பு நசுங்கிக் கிடந்த பித்தளைப் படி ஒன்று. இந்தியாவில் மெட்ரிக் எடைகள் 1958-இல் புழக்கத்துக்கு வந்து, 1962-இல் கட்டாயமாக்கப்பட்ட பிறகும், எங்கள் வீட்டு அதிரசம் மட்டும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படாமல் நசுங்கிய படியிலேயே அளக்கப்பட்டு வந்தது. அம்மாவுக்குப் பிறகு பழைய பாத்திரங்களை எடைக்குப் போட்டபோது அந்தப் படியும் போய்விட்டது. போனது பித்தளை என்றே அன்று நினைத்தோம். அடுத்த தீபாவளிக்குத்தான் போனது என்னவென்று தெரிந்தது.

மனைவி தனியாகக் காய்ச்சிய அந்த முதற்பாகு என் கண்முன் இன்னும் நிற்கிறது. மாவைத் தட்டி எண்ணெயில் விட்டவுடன் அது அதிரசமாக எழும்பாமல், ஓரங்களில் நுரைத்து, நடுவில் பிளந்து, கடைசியில் இருப்புச் சட்டி முழுவதும் பழுப்பு மணலாகப் பிரிந்து போயிற்று. பார்க்க வந்திருந்த உறவுக்காரக் கிழவி ஒருத்தி, "யாரோ கண்ணு வெச்சுட்டாங்கம்மா, மாவைத் துணி போட்டு மூடி வெச்சிருக்கணும்" என்று தீர்ப்புக் கூறினாள். அதிரச மாவை அந்நியர் கண்ணுக்குக் காட்டக்கூடாது, தீட்டு ஆனவர்கள் நிழல் படக்கூடாது என்றெல்லாம் பழைய வீடுகளில் இருந்த கட்டுப்பாடுகள் பலரும் அறிந்தவை. அவற்றைப் பற்றி எனக்குள்ள மனத்தாங்கல் பகுத்தறிவைச் சார்ந்தது மாத்திரமன்று; பிழை நேர்ந்தபோதெல்லாம் கண்ணேறு என்று ஒரு காரணம் தயாராக இருந்தபடியால், உண்மைக் காரணத்தை ஆராய வேண்டிய அவசியமே யாருக்கும் ஏற்படவில்லை என்பதுதான். எத்தனை வருஷத்துப் பாடங்கள் இப்படி வீணாயினவோ!

உண்மைக் காரணங்கள் மூன்று நான்குக்கு மேல் இல்லை. அவற்றைச் சற்று விஸ்தாரமாகவே சொல்கிறேன்.

முதலாவது ஈரம். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, வெள்ளை வேட்டியில் பரப்பி நிழலில் உலர்த்துகிறோம். எதுவரை? அரிசி கையில் ஒட்டக்கூடாது, ஆனால் உள்ளே ஈரம் இருக்க வேண்டும். இடித்துச் சலித்த மாவைக் கைப்பிடியில் அழுத்தினால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். ஊறிய அரிசி எளிதில் நைந்து மெல்லிய மாவாகிறது. தன்னிடம் ஏற்கெனவே ஈரம் உள்ள மாவு பாகின் ஈரத்துக்கு ஆலாய்ப் பறப்பதில்லை. கடையில் பொட்டலமாக விற்கும் காய்ந்த அரிசி மாவைப் போட்டால், அது பாகிலுள்ள நீரை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு, அதிரசத்தைக் கூரை ஓடாக மாற்றிவிடும். இதில் ஒரு விபரீதம் என்னவென்றால், தீபாவளி ஐப்பசியில், வடகிழக்குப் பருவமழைக்கு நடுவில் வருகிறது. வெளியே மழை தூறிக்கொண்டிருக்கும் நாளில் அரிசி உலர ஒரு மணி நேரம் ஆகலாம். வானம் வெளுத்த நாளில் கால் மணியில் காய்ந்து, ஈரம் முழுவதும் ஓடிவிடும். ஆகையால் 'அரை மணி உலர்த்தவும்' என்று எழுதி வைப்பவர் பொய் சொல்லவில்லை என்றாலும், படிப்பவருக்கு உதவியும் செய்யவில்லை.

இரண்டாவது வெல்லம். எங்கள் பக்கத்து மளிகைக் கடைகளில் 'பாகு வெல்லம்' என்று கேட்டால்தான் அதிரசத்துக்கு உகந்ததைத் தருவார்கள். வெண்மையும் பளபளப்பும் கண்டு ஏமாந்து, ஹைட்ரோஸ் போட்டு வெளுக்க வைத்த வெல்லத்தை வாங்கக்கூடாது. ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்பது எங்கள் குடும்பத்துப் பிரமாணம். ஆனால் எல்லா வெல்லமும் ஒரே மாதிரி கட்டுவதில்லை. சிலவற்றில் சர்க்கரை உடைந்து, ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் மிகுந்திருக்கும், அவை எவ்வளவு காய்ச்சினாலும் இளகியே நிற்கும். சில நிலங்களில் விளைந்த கரும்பின் வெல்லம் உப்புக் கரிக்கும். வாங்கின அன்றே ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்க்காதவர் பிறகு பாகைக் குறை சொல்லிப் பயனில்லை.

மூன்றாவது, எல்லாவற்றிலும் சூட்சுமமானது, பதம். வெல்லத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண்ணும் சக்கையும் போக வடிகட்டி, மீண்டும் அடுப்பேற்றுகிறோம். கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகிப் போகிறது. நீர் குறையக் குறையப் பாகின் உஷ்ணம் ஏறிக்கொண்டே போகிறது. பச்சைத் தண்ணீர் 100 டிகிரியோடு நின்றுவிடும். பாகோ அதைத் தாண்டி 105, 110 என்று ஏறும். 112-இலிருந்து 116 டிகிரிக்குள், நூற்றுக்கு 85 பங்கு சர்க்கரை என்ற அளவில் அது செறிந்து நிற்கும் வேளையில், கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால், கரையாமல் அடியில் தங்கி, விரலால் திரட்டினால் உருண்டு வரும். வெளியில் எடுத்தால் வடிவம் நிற்கும். அழுத்தினால் பழுத்த தக்காளியைப்போல் குழையும். இதையே எங்கள் வீட்டில் தக்காளிப் பதம் என்பார்கள். அதற்கு முன்பே இறக்கினால் பாகில் நீர் மிகுந்து, மாவைக் கட்டிப் பிடிக்கும் வல்லமை இல்லாமல், எண்ணெயில் அதிரசம் பிரிந்து போகும்; என் மனைவியின் முதற்பாகுக்கு நேர்ந்தது இதுவே. அதைக் கடந்து விட்டுவிட்டாலோ, உருண்டை கிண்ணத்தில் 'டங்'கென்று ஒலிக்கும். அந்த அதிரசத்தைத் தின்னப் பேரனின் பற்கள் வேண்டும். இவ்விரண்டு நிலைகளுக்கும் நடுவில் உள்ள அவகாசம், அடுப்பு நன்றாக எரியுமானால், ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. அதற்குள் தண்ணீரில் விட்டு, திரட்டி, தீர்மானித்து, இறக்கியும் ஆகவேண்டும்.

நான்காவது பொறுமை, அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இறக்கிய பாகில் ஏலமும் சுக்கும் சேர்த்து, மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளற வேண்டும். அரைத்த மாவு முழுவதையும் கொட்டித் தீர்க்க வேண்டுமென்பதில்லை, பாகு எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவே. ஆறினால் இறுகும் என்பதை நினைவிற் கொண்டு சற்றுத் தளர்வாகவே விட்டு, மேலே நெய் தடவி, ஒரு நாளோ இரண்டு நாளோ மூடி வைத்தால், ஈரம் எங்கும் ஒரே சீராகப் பரவிக் கொள்ளும். பிறகு வாழையிலையில் தட்டி, நிதானமான தீயில் வேகவிட்டு எடுத்து, இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் வைத்து எண்ணெயைப் பிழிந்து விடுவதுதான் மிச்சம்.

இவ்வளவும் ஒருவருக்கு ஒருவர் சொல்லிக் கொடுக்கக் கூடியவையே. இருந்தும் என் தாயார் என் மனைவிக்கு இவற்றைச் சொல்லவில்லை. மனத்தில் கள்ளம் இருந்து மறைத்தார் என்று நான் கூறவில்லை. அவருடைய போதனாமுறை அப்படி. மருமகள் அரிசி களைவாள், வெல்லம் தட்டுவாள், மாவு சலிப்பாள், அடுப்புக்கு விறகு தள்ளுவாள். பாகு கொதி வரும் சமயத்தில் அம்மா வந்து கரண்டியை வாங்கிக்கொள்வார். "பாத்துக்கோ" என்பார். பார்த்துக்கொண்டிருப்பவளுக்குக் கண்ணில் படுவது நுரை மாத்திரம். விரல் நுனியில் உருண்டையின் மெத்தெனவு எப்படி இருந்தது என்பது அம்மாவின் விரலுக்கும் தண்ணீருக்கும் மட்டுமே தெரியும். 14 தீபாவளிகள் என் மனைவி இப்படிப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு கிலோ வெல்லம் கெட்டுவிடுமே என்ற பயம் அம்மாவுக்கு இருந்தது நியாயமே. நோன்பு நாளில் 21 அதிரசம் குறையக்கூடாதே என்ற பயம் அதனினும் நியாயம். ஆனால் கெட்டுப்போகும் உரிமை இல்லாத இடத்தில் யாரும் கைத்தொழில் கற்றுக்கொண்டதாக நான் அறியேன்.

எழுத்தில் வருகிற உபதேசத்தை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். சமையலுக்கு நூல் எழுதும் வழக்கம் நமக்குப் பழையது. பீமசேனன் இயற்றிய மடைநூலின் முறைப்படி சமைத்த உணவை நல்லியக்கோடன் பாணர்க்கு அளித்தான் என்று சிறுபாணாற்றுப்படை சொல்லுகிறது. நம் காலத்தில் 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' என்ற நூலை வெளியிட்டபோது, தாயை விட்டுத் தொலைதூரம் போய்க் குடித்தனம் தொடங்கிய எத்தனையோ பெண்களுக்கு அதுவே துணையாயிற்று. கல்யாணச் சீர்வரிசையில் அதை வைத்துக் கொடுத்த குடும்பங்கள் உண்டு. அந்தத் தலைப்பை நான் வியக்காத நாள் இல்லை. 'படித்துப் பார்' என்றிருக்கலாம், 'கற்றுக்கொள்' என்றிருக்கலாம். அந்த அம்மாள் சமைத்துப் பார் என்றார்.

என் மனைவி தன் மருமகளுக்குக் கற்றுக் கொடுக்க முற்பட்டபோது, தனக்கு நேர்ந்ததை நேர்மாறாக்கினாள். முதற்காரியமாக, தீபாவளிக்காகக் காத்திருக்கவில்லை. நோன்பும் இல்லை, பண்டிகையும் இல்லை, ஆடி மாதத்து ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை. கால் கிலோ அரிசி, அதற்கேற்ற வெல்லம். விசேஷத்துக்குத்தான் அதிரசம் செய்ய வேண்டும் என்று எந்த சாஸ்திரமும் விதிக்கவில்லை என்பது அதுவரை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றாதது எனக்கு இன்றும் ஆச்சரியமாகவே இருக்கிறது. அந்த மாதத்தில் அவர்கள் ஆறு முறை செய்தார்கள். ஆறு தீபாவளிகள் ஒரே மாதத்தில் வந்து போயின. இரண்டு பாகு முற்றிற்று, ஒன்று பிரிந்தது. இரண்டாவதாக, என் மனைவி தன் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். கொதி வந்த சமயத்தில் மருமகள் கலவரமடைந்து, "அத்தை, இது போதுமா? இறக்கிடவா?" என்று கேட்டபோது, "என்னைக் கேக்காதம்மா, தண்ணியைக் கேளு" என்றாள். மூன்றாவதாக, தன் கை அள்ளிப் போட்டதை எல்லாம், போடுமுன் ஒரு சிறு தராசில் வைத்துவிட்டுப் போட்டாள். அவள் 'ஒரு சிட்டிகை' என்று சொல்லிக்கொண்டிருந்த சுக்குப்பொடி உண்மையில் ஒரு தேக்கரண்டி நிறைய இருந்தது என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. கண்ணளவு, கைப்பக்குவம் என்று நாம் கொண்டாடுகிறோமே, அதில் பாதி மெய். மறுபாதி, அளந்து பார்க்காத சோம்பல்.

மருமகள் எஞ்சினீயர் ஆனபடியால், தானாகவே ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வந்தாள். ஆரணியில் எங்கள் வீட்டில் என் மனைவி பதம் என்று ஒப்புக்கொண்ட தருணத்தில் அதில் 113 டிகிரி காட்டிற்று. எல்லாச் சந்தேகமும் தீர்ந்ததென்று அந்த எண்ணை அவள் குறித்துக்கொண்டாள். அடுத்த மாதம் பெங்களூரில் தன் சமையலறையில், அதே அரிசி, அதே வெல்லம், அதே 113 டிகிரி. அதிரசம் கல்லாக வந்தது. தொலைபேசியில் அழாத குறையாகப் பேசினாள். "தண்ணியில விட்டுப் பாத்தியா?" என்றாள் மாமியார். "தெர்மாமீட்டர் இருக்கேன்னு பாக்கல அத்தை" என்றாள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பது. காற்றின் அழுத்தம் அங்கே குறைவு. தண்ணீரே 97 டிகிரியில் கொதித்துவிடும். ஆரணியில் 113-இல் வருகிற பதம் அங்கே 110-இலேயே வந்துவிடும். இந்த விளக்கத்தை அவள்தான் பிறகு கண்டுபிடித்து எங்களுக்குச் சொன்னாள். கிண்ணத்துத் தண்ணீருக்கு மட்டும் ஊர் வித்தியாசம் இல்லை.

உரல் போய் மாவு மில்லும், மில் போய் மிக்ஸியும் வந்தன. விறகு போய் எரிவாயு வந்தது. நெய்யில் பொரித்தது போய் எண்ணெயில் பொரிக்கிறோம். ஆகையால் இது பாட்டியின் அதிரசமா என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் ஆம் என்றே விடை சொல்லுவேன். பாட்டியும் தம் மாமியாரின் அதிரசத்தில் ஏதாவதொன்றை மாற்றியிருப்பார். நோட்டுப் புஸ்தகத்தில் எழுதாமல் விட்டிருப்பார், அவ்வளவே.

அந்த நோட்டு இப்போது பெங்களூரில் இருக்கிறது. சென்ற தீபாவளிக்கு நாங்கள் அங்கே போயிருந்தபோது, நைவேத்தியத்துக்கு 21 எண்ணி வைத்தபின், மிச்சத்தில் ஒன்றைத் தின்றுகொண்டே அதைப் புரட்டிப் பார்த்தேன். அம்மாவின் அந்த ஒற்றை வரிக்குக் கீழே, பேனா மையில், மருமகளின் சிறிய எழுத்துகள்: 'வெல்லம் லேசா உப்பு, அடுத்த முறை வேற கடை. மழை, அரிசி உலர 50 நிமிஷம். பாகு இங்கே 110, ஆரணியில் 113, ரெண்டு இடத்திலயும் தண்ணீர் பார்க்கவும். மாவு 80 கிராம் மிச்சம். ரெண்டு நாள் ஊறினது போதாது, ஓரம் விரிஞ்சது. அத்தை நல்லா இருக்குன்னு சொன்னாங்க, ஆனா ரெண்டாவது எடுக்கல.'